கோழி எருவுக்கும் அளவு வேண்டுமா? மலைநாட்டு நீரும் நைட்ரேட்டும்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளிவந்தது. அதே வருடம் நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் மரக்கறிச் செய்கைக்கு என்ன ஆனது என்று நுவரெலியாவிலும் வெலிமடையிலும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தடை போனது. ஆனால் அது விட்டுச்சென்ற ஒரு எண்ணம் மட்டும் போகவில்லை: இரசாயனம் என்றால் நஞ்சு, சேதனம் என்றால் நல்லது, எவ்வளவு போட்டாலும் கெடுதி இல்லை.

அதனால்தான் மாட்டெருவுக்கும் கோழி எருவுக்கும் அளவு வைக்க வேண்டும், எப்போது போடலாம் என்று விதி எழுத வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பலருக்குக் குழப்பம் வருகிறது. யூரியாவையும் திட்டினார்கள், இப்போது எருவையும் திட்டுகிறார்களே, அப்படியானால் எதைத்தான் போடுவது என்ற கேள்வி நியாயமானது. பதில் சொல்ல, நைட்ரஜன் மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

எரு எப்படி நைட்ரேட் ஆகிறது

பயிர் எருவை அப்படியே சாப்பிடுவதில்லை. எருவில் உள்ள நைட்ரஜன் பல படிகளைக் கடந்துதான் வேருக்குப் போகிறது.

1. கோழியின் கழிவில் நைட்ரஜனின் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாகவும் பிறகு அமோனியாவாகவும் உடைக்கின்றன. கோழி எரு மூடையை அவிழ்த்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அந்த நெடிதான் அமோனியா.

2. காற்றில் போகாமல் மண்ணில் தங்கும் அமோனியா, அமோனியம் என்ற வடிவத்தை எடுக்கிறது. அதற்கு நேர்மின்னேற்றம். களிமண் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம். ஆகவே மண் அதை ஓரளவு பிடித்துவைத்துக்கொள்ளும்.

3. மண்ணில் உள்ள வேறு பற்றீரியாக்கள் அமோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும் அடுத்து நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம். மண்ணும் எதிர், இதுவும் எதிர். எனவே பிடிப்பு இல்லை. வேர் எடுத்துக்கொண்டால் சரி, எடுக்காவிட்டால் அடுத்த மழையோடு கீழே இறங்கிவிடும்.

யூரியா போட்டால் இந்தப் பயணம் இரண்டாம் படியின் வாசலில் தொடங்குகிறது, எரு போட்டால் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். பீலியில் விழும் நீரைச் சாதாரணமாகச் சோதித்தால் நைட்ரேட் எவ்வளவு என்று தெரியும். அது யூரியாவில் இருந்து வந்ததா, கோழிக் கூட்டில் இருந்து வந்ததா என்று தெரியாது.

ஒரு வித்தியாசம் உண்மையில் இருக்கிறது. மாட்டெருவில் வைக்கோல், நார், பாதி செரித்த புல் எல்லாம் உண்டு. அதன் நைட்ரஜன் மெதுவாக, வருடக்கணக்கில் வெளிவரும், மண்ணின் கட்டமைப்பும் திருந்தும். கோழி எரு அப்படி அல்ல. இங்கிலாந்தின் விதிகள் எருவை இரண்டாகப் பிரிக்கின்றன: மொத்த நைட்ரஜனில் 30 சதவீதத்துக்கு மேல் உடனே கரையும் வடிவில் இருக்கும் எரு ஒரு வகை, மற்றது இன்னொரு வகை. கோழி எரு முதல் வகை. அதாவது சட்டத்தின் பார்வையில் அது குப்பைப் பசளையைவிட யூரியாவுக்கே நெருங்கிய சொந்தம். லீக்ஸ் பாத்திக்குக் கோழி எரு போட்டவுடன் இலை கரும்பச்சையாகத் திரும்புவதைப் பார்த்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல.

மூடைக் கணக்கு

அளவு தெரியாமல் விதியைப் பற்றிப் பேச முடியாது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. கோழி எருவில் நைட்ரஜன் அதன் ஈரத்தையும் கலந்திருக்கும் உமியின் அளவையும் பொறுத்து மாறும். பொதுவாக 2 முதல் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டரை என்றால், ஒரு தொன் கோழி எருவில் 25 கிலோ. ஆக, ஒரு தொன் கோழி எரு நைட்ரஜன் கணக்கில் ஒரு மூடை யூரியாவைவிடச் சற்றுக் கூடுதல். ஈரமான மாட்டுச் சாணம் என்றால் ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய 5 கிலோதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கால்நடை எருவுக்கு உள்ள உச்சவரம்பு ஒரு ஹெக்டேயருக்கு வருடத்துக்கு 170 கிலோ நைட்ரஜன். ஹெக்டேயர் கணக்கு நம் ஊரில் யாருக்கும் கைவராது. பேர்ச்சுக்கு மாற்றினால், ஒரு பேர்ச்சுக்கு வருடத்துக்குச் சுமார் 17 கிலோ கோழி எரு. கால் ஏக்கர் தோட்டத்துக்கு, அதாவது 40 பேர்ச்சுக்கு, வருடம் முழுவதற்கும் 700 கிலோவுக்கும் குறைவு.

இனி உதாரணத்துக்கு ஒரு தோட்டத்தை எடுப்போம். கால் ஏக்கர். வருடத்தில் மூன்று தடவை பயிர்: கரட், லீக்ஸ், பிறகு கோவா. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தொன் கோழி எரு. வருடத்துக்கு 75 கிலோ நைட்ரஜன். ஹெக்டேயருக்கு மாற்றினால் 740 கிலோவைத் தொடும். ஐரோப்பிய வரம்பின் நான்கு மடங்குக்கு மேல். இதற்கு மேல் யூரியாவும் கலப்புப் பசளையும் போடுவது தனி. பயிர் இதில் எவ்வளவு எடுக்கும்? மரக்கறிப் பயிர்களின் வேர் ஆழம் குறைவு, காலமும் குறுகியது. இட்ட நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே அவை எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஏன் இவ்வளவு போடுகிறார்கள் என்று விவசாயியை மட்டும் கேட்பது சரியல்ல. கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் இருக்கின்றன. அங்கே எரு சேர்ந்தால் தொல்லை. அது லொறியில் மலைக்கு ஏறுகிறது. விலை மலிவு, பலன் கண்ணுக்குத் தெரியும், மரக்கறி விலையோ நாளுக்கு நாள் மாறும். விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு மூடை கூடுதலாகப் போடுவது விவசாயிக்குக் காப்புறுதி மாதிரி.

மலையில் அது எங்கே போகிறது

இலங்கையில் நைட்ரேட் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இடங்கள் யாழ்ப்பாணமும் கற்பிட்டியும். இரண்டு இடங்களிலும் பல கிணறுகளில் நைட்ரேட் குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. ஒன்று சுண்ணக்கல், மற்றது மணல். போட்டது நேராகக் கிணற்றுக்குப் போகும். மலைநாட்டில் அந்த அளவுக்குப் பயமுறுத்தும் எண்கள் வருவதில்லை. அதனால் இங்கே பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு எங்கே பிசகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நுவரெலியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை. குளிர்ப் பிரதேசம் என்பதால் ஆவியாவது குறைவு. பாதி, அதாவது 1,000 மில்லிமீற்றர் மண்ணுக்குள்ளும் கானிலும் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு ஹெக்டேயரில் ஒரு கோடி லீற்றர் நீர். இந்த நீர் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டை எட்ட வேண்டுமானால், ஹெக்டேயருக்கு 113 கிலோ நைட்ரஜன் கசிய வேண்டும். வறண்ட மணற் பிரதேசம் ஒன்றில் 300 மில்லிமீற்றர்தான் இறங்குகிறது என்றால், 34 கிலோ கசிந்தாலே போதும். அதாவது மலைநாட்டுத் தோட்டம் ஒன்று மூன்று மடங்கு கசியவிட்டும் சோதனையில் அதே எண்ணைக் காட்டலாம். எண் சிறியதாக இருப்பதற்கு மழை காரணம். எருவைக் கவனமாகப் போட்டதால் வந்த நன்மை என்று அதைச் சொல்ல முடியாது.

கரைந்து ஐதாகிப் போனது காணாமல் போவதில்லை, கீழே போகிறது. கிரகரி வாவியைத் தாண்டி நானுஓயா, அது கொத்மலை ஓயாவில் சேர்ந்து தலவாக்கலை, பிறகு கொத்மலை நீர்த்தேக்கம், அங்கிருந்து மகாவலி, கம்பளை, பேராதனை. கண்டி நகரம் குடிப்பதும் பெரும்பாலும் மகாவலி நீரைத்தான். மறுபக்கம் வெலிமடைத் தோட்டங்களின் நீர் உமாஓயா வழியாக ரந்தம்பே பக்கம் போகிறது. இந்த நாட்டின் மின்சாரத்திலும் நெல்லிலும் பெரும் பங்கு இந்த ஓடைகளின் கீழ்முனையில் இருக்கிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, நீர்த்தேக்கத்துக்கு மிக முன்னால். தோட்டத்து லயன்களிலும் கிராமங்களிலும் பலருக்குக் குடிநீர் மேலே உள்ள ஊற்றில் இருந்து குழாயிலோ பீலியிலோ வருகிறது. அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் காணாது. ஊற்றுக்கு மேலே சரிவில் ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தால், ஐதாவதற்கு ஆறு கிடையாது. பத்து, பதினைந்து மீற்றர் மண்தான் இடையில். மழைக்கு முதல் நாள் லொறியில் இறக்கிய எரு, தெருவோரத்தில் மூடாமல் குவிந்து கிடப்பதையும், அதன் அடியில் இருந்து கறுப்புத் தேயிலைச் சாயம் போன்ற நீர் கான் வழியே இறங்குவதையும் மலைநாட்டில் பயணம் செய்கிறவர்கள் சாதாரணமாகவே பார்க்கலாம். அந்தக் குவியலில் இருந்து ஒரு கிலோ நைட்ரஜன் கரைந்து நைட்ரேட்டாக மாறினால் போதும், ஏறத்தாழ 88,000 லீற்றர் சுத்தமான நீரைக் குடிநீர் எல்லைக்குக் கொண்டுபோய்விடும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். லயன்களைச் சுற்றியுள்ள மலசலகூடக் குழிகளும் மாட்டுக் கொட்டில் கழுவிய நீரும் இதே நைட்ரேட்டைத் தருகின்றன. ஐசோடோப்புச் சோதனை, அதாவது நைட்ரஜன் அணுக்களின் எடை வேறுபாட்டைப் பார்க்கும் சோதனை, இரசாயனப் பசளையையும் எருவையும் ஓரளவு பிரித்துக் காட்டும். எருவையும் மனிதக் கழிவையும் பிரிப்பது அதற்கும் கடினம். ஒரு ஊற்றில் நைட்ரேட் ஏறினால் உடனே மேல் தோட்டக்காரர் மீது பாய்வது அவசரம்.

50 மில்லிகிராம் என்றால் என்ன

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614உம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்கின்றன. அமெரிக்க எல்லை 10 மில்லிகிராம் என்று படித்துவிட்டு, நம் தரம் ஐந்து மடங்கு தளர்வானது என்று சமூக ஊடகங்களில் கொதிப்பவர்கள் உண்டு. அமெரிக்கர்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடைபோடுகிறார்கள். அந்த எண்ணை 4.43ஆல் பெருக்கினால் 44 வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆய்வுகூட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் எந்த அலகு என்று பாருங்கள்.

இந்த எல்லை முதன்மையாகக் கைக்குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பாரித்ததை ஒரு மருத்துவர் பதிவுசெய்தார். நைட்ரேட் குழந்தையின் வயிற்றில் நைட்ரைட் ஆகி, இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

நீரைக் கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி மிஞ்சியதில் அடர்த்தி கூடும். கிருமிக்காகக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும், ஆனால் நைட்ரேட்டுக்கு அது மருந்தல்ல. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண வடிகட்டியும் உதவாது. எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரமோ அயன் பரிமாற்ற முறையோ வேண்டும்.

வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அது வேறு கதை, வேறு விவாதம்.

கூடவே போகும் பொஸ்பரஸ்

பயிர் ஒரு பங்கு பொஸ்பரஸ் எடுத்தால் ஆறேழு பங்கு நைட்ரஜன் எடுக்கும். கோழி எருவிலோ ஒரு பங்கு பொஸ்பரஸுக்கு இரண்டு, மூன்று பங்குதான் நைட்ரஜன். எனவே நைட்ரஜன் தேவைக்குச் சரியாக எரு போட்டால்கூட பொஸ்பரஸ் தேவைக்கு மேல் போய்விடும். அது நைட்ரேட் போல உடனே கரைந்து ஓடாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருடா வருடம் சேரும். மலைநாட்டு மரக்கறி மண்ணில் இப்படித்தான் சேர்ந்திருக்கிறது. மழையில் மண் கரையும்போது அதுவும் சேர்ந்து ஆற்றுக்குப் போகிறது.

நன்னீரில் பாசி பெருகுவதை பெரும்பாலும் தீர்மானிப்பது பொஸ்பரஸ். கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி அடர்த்தியாகப் பெருகியது. நஞ்சு சுரக்கக்கூடிய இனம் அது. ஆகவே மலைநாட்டுக்கு விதி எழுதுகிறவர்கள் நைட்ரேட்டை மட்டும் பார்த்து எழுதினால் பாதி வேலைதான். அமெரிக்காவில் கோழிப் பண்ணைகள் நிறைந்த மேரிலாந்து மாநிலம் 2015இல் பொஸ்பரஸை அடிப்படையாக வைத்து எரு விதிகளை மாற்றியது. உபரி எருவை வேறு இடங்களுக்கு ஏற்றிச்செல்ல அங்கே அரசே மானியம் தருகிறது.

ஐரோப்பா என்ன விதி எழுதியது

ஐரோப்பிய ஒன்றியத்தின் நைட்ரேட் கட்டளை 1991இல் வந்தது. நாடுகள் தங்கள் நீர்நிலைகளைச் சோதித்து, ஆபத்தான நீரேந்து பகுதிகளை வரையறுத்து, அங்கே கட்டாய விதிகளைக் கொண்டுவர வேண்டும். விதிகள் ஐந்து வகை.

1. அளவு: மேலே சொன்ன 170 கிலோ.

2. காலம்: பயிர் எடுக்காத, மழை மிகுந்த மாதங்களில் எரு போடத் தடை. இங்கிலாந்தில் இந்த வலயங்களில் பெரும்பாலான உழுத நிலங்களுக்குக் கோழி எரு ஒக்டோபர் முதல் ஜனவரி இறுதிவரை கூடாது.

3. தூரம்: அங்கேயே, ஓடையில் இருந்து 10 மீற்றருக்குள்ளும் ஊற்று, கிணறு, குழாய்க்கிணறு ஆகியவற்றில் இருந்து 50 மீற்றருக்குள்ளும் எரு போடக்கூடாது.

4. சேமிப்பு: தடைக்காலம் முடியும்வரை எருவைக் கசியாமல் வைத்திருக்க இடம் வேண்டும். இங்கிலாந்தில் கோழி எருவுக்கு ஆறு மாதக் கொள்ளளவு.

5. பதிவு: எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும்.

இதனால் பலன் கிடைத்ததா? டென்மார்க் 1980களின் நடுவிலேயே தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. வயல்களில் இருந்து கசியும் நைட்ரஜன் ஏறக்குறைய பாதியாகக் குறைய சுமார் இருபது வருடம் பிடித்தது. நெதர்லாந்து வேறு வழியில் போனது. பண்ணைக்குள் வரும் நைட்ரஜன், வெளியே போகும் நைட்ரஜன் என்று 1998இல் கணக்குப் புத்தகம் வைத்து, மிஞ்சியதற்கு வரி போட்டது. அது கட்டளைக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது, 2006இல் முறையே மாறியது. அதற்குப் பிறகும் 2017இல் அந்த நாட்டின் தெற்கில் எருக் கணக்குகளில் பெரிய மோசடி வெளியே வந்தது. லொறிக்குச் செய்மதி வழிகாட்டிக் கருவி பூட்டிக் கண்காணிக்கும் நாட்டிலேயே கணக்குப் புரட்டு நடக்கிறது என்றால், நம் மலையில் மூடை எண்ணுவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1996இல் திருத்தப்பட்டது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கால்நடைப் பண்ணைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆறு, குளங்களின் நீர்த் தரத்துக்கு 2019இல் வர்த்தமானி வந்தது. 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கப் பசளை ஒழுங்குபடுத்தல் சட்டமும் உண்டு.

ஆனால் இவற்றின் பார்வை வேறு. அனுமதிப்பத்திரம் குழாய் முனையைப் பார்க்கிறது: இந்தப் பண்ணையில் இருந்து இந்தக் கழிவு வெளியேறுகிறது என்று கைநீட்டிக் காட்ட முடிந்த இடத்தை. எரு பண்ணைக் கதவைத் தாண்டி லொறியில் ஏறிவிட்டால் அது கழிவு அல்ல, விற்பனைப் பொருள். குருநாகலில் கழிவாக இருந்தது இராகலையில் பசளை ஆகிவிடுகிறது. பசளைச் சட்டமோ பசளையின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, தரம் ஆகியவற்றைப் பார்க்கிறது. இந்தச் சரிவில், இந்த மாதத்தில், இந்த ஊற்றுக்குப் பக்கத்தில் போடலாமா என்பது இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

170ஐ அப்படியே கொண்டுவந்தால்

நடக்காது. காரணங்கள் மூன்று.

ஐரோப்பாவில் மாடும் நிலமும் ஒரே பண்ணையில் இருக்கும். மாட்டுத் தலையை எண்ணி நிலத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். இங்கே கோழி ஒரு மாகாணத்தில், பாத்தி இன்னொரு மாகாணத்தில். தோட்டக்காரரிடம் எண்ணுவதற்குக் கோழி இல்லை, மூடை வாங்கிய பற்றுச்சீட்டும் பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது, நிலத்தின் அளவு. பத்துப் பேர்ச், இருபது பேர்ச் என்று சிதறிய ஆயிரக்கணக்கான துண்டுகள். விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எத்தனை துண்டுக்குப் போய்ப் பதிவேடு பார்ப்பார்?

மூன்றாவது, சரிவும் பருவமும். செங்குத்தான நிலத்தில் எரு இடுவதையும் ஐரோப்பிய விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அதை எழுத்துப் பிசகாமல் இங்கே கொண்டுவந்தால் மிஞ்சும் மரக்கறித் தோட்டம் கொஞ்சம்தான். காலத் தடையும் அப்படியே. குளிர்காலத்தில் ஐரோப்பிய வயல் வெறுமையாகக் கிடக்கும், நம் தோட்டத்தில் பன்னிரண்டு மாதமும் பயிர். நுவரெலியாவின் மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒரு மலை முகட்டைத் தாண்டி வெலிமடைக்குப் போனால் அதே ஜூலையில் புழுதி பறக்கும். அவர்களுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் மழை. கொழும்பில் உட்கார்ந்து ஒரு திகதி எழுதினால் இரண்டில் ஒரு ஊருக்கு அது தவறான திகதி.

இங்கே செல்லுபடியாகக்கூடியது

என் கணிப்பில், மலைநாட்டில் கிலோவில் இருந்து தொடங்கக்கூடாது. கண்ணால் பார்த்துச் சரிபிழை சொல்லக்கூடிய இடத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

1. ஊற்றைச் சுற்றி வட்டம். குடிநீருக்குப் பயன்படும் ஒவ்வொரு ஊற்றுக்கும் மேல்பக்கம் 50 மீற்றருக்குள் எருவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். சரிவு கூடினால் தூரமும் கூட வேண்டும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, அளவு நாடா போதும். குடிநீர் எடுக்கும் ஊராரே காவல் என்பதால் அதிகாரி தினமும் வரவேண்டியதும் இல்லை.

2. குவியலுக்குக் கூரை. மூடாத எருவைத் தெருவோரத்திலோ கான் ஓரத்திலோ இறக்கத் தடை. பொறுப்பு இறக்குகிற லொறிக்காரருக்கும் இருக்க வேண்டும். ஆயிரம் தோட்டங்களைச் சோதிப்பதைவிட மலைக்கு ஏறும் சில பாதைகளில் லொறியைப் பார்ப்பது எளிது. எங்கிருந்து எங்கே எவ்வளவு என்ற பதிவும் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு ஒரு நாள் கிலோக் கணக்கு வேண்டுமானால் அந்தப் பதிவுதான் அடித்தளம்.

3. பச்சையாகப் போடாமல் மக்கவைத்துப் போடுதல். உமி கலந்த கோழி எருவைக் கூரைக்குக் கீழ் கிளறிக் கிளறிச் சில வாரங்கள் மக்கவைத்தால், உடனே கரையும் நைட்ரஜன் குறையும், கிருமியும் சாகும். ஒரு பகுதி நைட்ரஜன் அமோனியாவாகக் காற்றில் போவது நட்டம்தான். விவசாயிகளுக்கு இது பிடிக்காததற்குக் காரணமும் அதுவே: இலை அவ்வளவு சீக்கிரம் கறுக்காது.

4. மழைக்கு ஏற்ற தவணை. மாதத்தைக் குறித்துத் தடை போடுவதற்குப் பதிலாக, வளிமண்டலவியல் திணைக்களம் கனமழை எச்சரிக்கை விடுத்த நாட்களில் எரு இறக்கவும் இடவும் கூடாது என்பது நடைமுறைக்கு ஏற்றது. நடுகைக்கு முன் மொத்தத்தையும் கொட்டாமல், வேர் பிடித்த பிறகு பிரித்துப் போடுவதும் இதில் அடங்கும்.

5. மண் சோதனை. பொஸ்பரஸ் ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் மண்ணுக்குக் கோழி எருவை நிறுத்தி, தேவையான நைட்ரஜனை மட்டும் யூரியாவாகக் கொடுப்பது நீருக்கு நல்லது. 2021க்குப் பிறகு இதைச் சொல்ல அதிகாரிகளுக்கே கூச்சமாக இருக்கலாம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

காணி யாருடையது

இவற்றில் மிகக் கடினமானது இரண்டாவதும் மூன்றாவதும். எருவுக்குக் கொட்டகை போட இடம் வேண்டும், காசு வேண்டும். மலைநாட்டில் மரக்கறி போடுகிறவர்களில் பலருக்கு அந்தக் காணி சொந்தம் இல்லை. சிலர் வருடக் குத்தகைக்கு எடுத்தவர்கள். சிலர் தோட்டத்து லயனுக்குப் பக்கத்தில் தலைமுறையாகச் செய்துவரும் துண்டுக்கு எந்த உறுதியும் இல்லாதவர்கள். அடுத்த வருடம் இந்தப் பாத்தி தன் கையில் இருக்குமா என்று தெரியாத ஒருவர் மெதுவாக மக்கும் எருவையும் தகரக் கூரையையும் ஏன் தேட வேண்டும்? அவருக்கு வேண்டியது இந்தப் போகத்திலேயே இலையைக் கறுக்கவைக்கும் பச்சைக் கோழி எருதான்.

அதனால் கொட்டகையைத் தனித்தனி விவசாயியின் கடமை ஆக்கினால், அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தைவிட்டு வெளியே வராது. கமநல சேவை நிலையத்துக்கு ஒன்று என்று பொதுக் கொட்டகை போட்டு, லொறிகள் அங்கே மட்டும் இறக்க வேண்டும் என்று வைத்து, மக்கிய எருவை எடைபோட்டு விற்பது ஒரு வழி. அதற்கான செலவின் ஒரு பகுதியை எருவைக் கழித்துக்கட்டி இலாபம் பார்க்கும் பண்ணைகளிடம் இருந்து, அவர்கள் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து அறவிடலாம். குத்தகைக்காரர் காணி மாறினாலும் கொட்டகை அதே இடத்தில் இருக்கும்.